கரையானோடு குடி போன கதை

போன மாசம் பரணை ஒழிக்கும்போது ஒரு சிடி கிடைச்சது. மேலே மார்க்கர் பேனாவால என் கையெழுத்து: "தளம் முழுசு. மே 2009. சுத்தம் பண்ணாதது. திறக்காதே."

நானே எனக்கு எழுதிக்கிட்ட எச்சரிக்கை. அதனால உடனே திறந்தேன் :-)

கணினியில போட்ட பத்தாவது விநாடி ஆண்டிவைரஸ் கத்த ஆரம்பிச்சுது. ஒரு கோப்பு, ரெண்டு கோப்பு, நாப்பது கோப்புன்னு எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது. இத்தனை வருஷம் பரண்ல கிடந்தும் கரையான் சாகலை. இந்தச் சிடிக்குப் பின்னாடி ஒரு சின்ன சரித்திரம் இருக்கு. எங்க ஊர்த் தளத்தோட சரித்திரம்னு ஆரம்பிச்சாலும், பாதிக்கு மேல அந்தக் காலத்து இணையத்தோட சரித்திரம்தான். தளத்தை மறுபடியும் ஒரு புது வழங்கிக்கு மாத்த வேண்டிய வேளையும் இப்ப வந்திருக்கறதால, போன தடவை பண்ணின கூத்தை எழுதி வச்சுடலாம்னு உட்கார்ந்தேன்.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வரி. நெரவி, காரைக்கால் டவுனுக்குத் தெற்கே இருக்கற ஊர். ஓ.என்.ஜி.சி.யோட காவிரிப் படுகை அலுவலகம் இங்கதான். 2005-ல் நெரவியைப் பத்தி ஒரு சின்னத் தளம் ஆரம்பிச்சேன். பழைய படங்கள், கோயில், பள்ளிவாசல், குளம், பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதைகள். முதல் ரெண்டு வருஷம் திஸ்கி எழுத்துருவில் கையால அடிச்ச வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்கள். 2007-க்கு அப்புறம் வேர்ட்பிரஸ், யூனிகோடு. இந்த ரெண்டு காலமும் ஒரே தளத்துக்குள்ள பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருந்துச்சு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி, சரித்திரத்துக்கு வர்றேன்.

ஒரு காலத்துல வலைத்தளத்தைக் கெடுக்கறவங்க ஊருக்குத் தெரியணும்னுதான் கெடுத்தாங்க. முகப்புப் பக்கத்தைத் தூக்கிட்டு மண்டையோட்டுப் படம், கீழே தன் பட்டப்பேரு. 2001 ஜூலையில் வந்த கோட் ரெட் புழு மைக்ரோசாஃப்டோட ஐ.ஐ.எஸ். வழங்கிகளைப் பிடிச்சுது. ஜூலை 19 அன்னிக்கு 14 மணி நேரத்துக்குள்ள 3,59,000 கணினிகளுக்கு மேல. அதுவும் முகப்புல தன் வேலையைப் பெரிசா எழுதி வச்சுட்டுத்தான் போச்சு. பார்த்த உடனே தெரிஞ்சுடும், உடனே துடைச்சுடலாம்.

ரெண்டே மாசத்துல, 2001 செப்டம்பர் 18-ல், நிம்டா வந்துச்சு. இதுதான் எனக்குத் தெரிஞ்சு திருப்புமுனை. மின்னஞ்சல் வழியா பரவும், பகிர்ந்த ஃபோல்டர் வழியா பரவும், இது போக ஒரு புது வித்தை. பிடிபட்ட வழங்கியில் இருக்கற வலைப்பக்கங்களோட வாலில் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்டை ஒட்டிட்டுப் போகும். பக்கம் பார்க்க அப்படியே இருக்கும். வந்து படிக்கறவன் கணினிக்குத்தான் நோய். தளம் நோயாளியா இருந்தது போய், நோயைச் சுமக்கற கொசுவா ஆன நாள் அது.

அப்புறம் 2004 டிசம்பர். சாண்டின்னு ஒரு புழு. பி.எச்.பி.பி.பி. மென்பொருளில் ஓடின கருத்துக்களங்களை கூகுள்ல தேடிப் பிடிச்சு, உள்ள புகுந்து, கோப்புகளை அழிச்சு எழுதிச்சு. டிசம்பர் 21 வாக்கில் ஆரம்பிச்சு ஆயிரக்கணக்கான தளங்கள் போச்சு. அது அனுப்பற தேடலை கூகுள் தடுத்ததுக்கு அப்புறம்தான் வேகம் அடங்கிச்சு. அஞ்சே நாள்ல எங்க கடற்கரைக்கு சுனாமி வந்துடுச்சு. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடுன்னு ஓடிக்கிட்டிருந்த நேரத்துல கருத்துக்களம் போனதை யார் நினைச்சா? நான் சாண்டியைப் பத்திப் படிச்சதே ரொம்ப நாள் கழிச்சுத்தான்.

இதுவரைக்கும் வந்ததெல்லாம் வாலாட்டற நாய்கள். 2006, 2007-ல் காசு உள்ள வந்துச்சு. கெடுக்கறவன் இனிமே பேரு போட மாட்டான், சத்தம் போட மாட்டான். அகலம் பூஜ்யம், உயரம் பூஜ்யம்னு ஒரு ஐஃப்ரேம் வைப்பான். பக்கத்துக்குள்ள ஒரு ஜன்னல், ஆனா கண்ணுக்குத் தெரியாத ஜன்னல். அந்த ஜன்னல் எங்கேயோ இருக்கற இன்னொரு வழங்கியிலிருந்து சரக்கை இறக்கும். உங்க விண்டோஸ்ல எந்த ஓட்டை அடைக்காம இருக்குன்னு பார்த்து, அந்த ஓட்டைக்குத் தகுந்த சாவியைப் போடும். இதுக்குன்னே எம்பேக் மாதிரி ரெடிமேட் பொட்டலங்கள் விலைக்குக் கிடைச்சுது. 2007 ஜூன்ல இத்தாலியில் ஆயிரக்கணக்கான சாதாரணத் தளங்களில் இதே ஜன்னல்.

நம்ம ஊர் உதாரணம் அதே வருஷம் ஆகஸ்டு கடைசியில் வந்துச்சு. பேங்க் ஆஃப் இந்தியாவோட வலைத்தளம். யாரோ முகவரி கேள்விப்படாத தளம் இல்லை, தேசியமயமான வங்கி. அமெரிக்காவோட சன்பெல்ட் சாஃப்ட்வேர்ங்கற பாதுகாப்பு நிறுவனத்து ஆட்கள் ஆகஸ்டு 30-ஐ ஒட்டிக் கண்டுபிடிச்சாங்க. வங்கியோட பக்கத்துல ஒரு ஐஃப்ரேம். அது இன்னொரு இடத்துக்கு இழுக்குது, அங்கேர்ந்து இன்னும் சில ஐஃப்ரேம்கள். விண்டோஸ் புதுப்பிப்புகளைப் போடாத கணினியோட ஒருத்தர் அந்தப் பக்கத்தைத் திறந்தா இருபதுக்கும் மேற்பட்ட கெட்ட நிரல்கள் இறங்குது. அதுல கடவுச்சொல் திருடற ரகமும் உண்டு. ரஷ்யன் பிசினஸ் நெட்வொர்க்னு அந்தக் காலத்துல பேர் போன ஒரு கும்பல் பேர் அடிபட்டுச்சு. வங்கி தளத்தை இறக்கி, துடைச்சு, மறுபடி ஏத்திச்சு.

இதுல நான் கவனிச்ச விஷயம் ஒண்ணு. வங்கிக் கணக்குப் புத்தகத்தை யாரும் தொடலைன்னாலும், வங்கியை நம்பி வந்தவங்க வீட்டுக் கணினி போச்சு. அடுத்த பிப்ரவரியில், 2008-ல், ஒரு இந்திய ஆண்டிவைரஸ் நிறுவனத்தோட தளத்துலயே இதே மாதிரி ஜன்னல் கண்டுபிடிச்சாங்க. மருந்துக் கடை வாசல்லயே கொசு. சிரிக்கறதா அழறதா தெரியலை.

எவ்வளவு பெரிய விஷயம் இதுன்னு கணக்குப் பார்த்தது கூகுள். 2007-ல் நீல்ஸ் ப்ரோவோஸும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வுல, சந்தேகப்பட்ட 45 லட்சம் முகவரிகளை ஆழமா சோதிச்சதுல 4.5 லட்சம் முகவரிகள் கேக்காமலேயே நிரலை இறக்கி விட்டுச்சாம். பத்துல ஒண்ணு. 2006 ஆகஸ்டுலேர்ந்தே தேடல் முடிவுல "இந்தத் தளம் உங்கள் கணினிக்குத் தீங்கு செய்யலாம்"ங்கற வரியைப் போட ஆரம்பிச்சிருந்தாங்க.

அந்த வரியைப் பத்தி ஒரு வேடிக்கை. 2009 ஜனவரி 31, சனிக்கிழமை ராத்திரி. நம்ம நேரத்துக்கு எட்டு மணியிலிருந்து கிட்டத்தட்ட ஒம்பது வரைக்கும் உலகத்துல இருக்கற எல்லாத் தளமும் தீங்கு செய்யலாம்னு கூகுள் சொல்லிச்சு. கூகுளோட தளம் உட்பட! கெட்ட தளங்களோட பட்டியல்ல யாரோ ஒருத்தர் தப்பா ஒரே ஒரு சாய்கோட்டை மட்டும் சேர்த்துட்டார். எல்லா முகவரியிலயும் சாய்கோடு இருக்குமே, அவ்வளவுதான்.

இது எதுக்கு இங்கன்னு கேக்கறீங்களா? மே மாசம் என் தளத்துக்கு அதே எச்சரிக்கை வந்தப்போ, "கூகுள்காரன் மறுபடி சாய்கோடு போட்டுட்டான்"னு சொல்லிச் சிரிச்சுட்டு மூணு நாள் சும்மா இருந்தேன். அந்த மூணு நாள்ல எத்தனை பேர் கணினிக்கு என் புண்ணியத்துல சரக்கு இறங்கிச்சோ.

வந்திருந்தது கும்ப்ளார். 2009 மார்ச்சிலிருந்து மே வரை ஆடின ஆட்டம். அது ஓட்டிக்கிட்டிருந்த ஒரு சீனா முகவரியோட பேரையே அதுக்கு வச்சுட்டாங்க. அந்த முகவரி மே நடுவுல விழுந்ததும் மார்டுஸ்னு இன்னொரு பேர்ல வந்துச்சு. அதுவும் விழுந்துச்சு. அக்டோபர்ல திரும்ப வந்தப்போ தனி முகவரியே வச்சுக்கலை, பிடிபட்ட தளங்களையே ஒண்ணுக்கொண்ணு சரக்குக் கிடங்கா ஆக்கிக்கிச்சு. ஜப்பான்ல இதை ஜெனோ வைரஸ்னு சொன்னாங்க, ஜெனோங்கற கணினிக் கடையோட தளத்துல பிடிபட்டதால.

கும்ப்ளாரோட சாமர்த்தியம் ஒரு வட்டம். பிடிபட்ட தளத்தை நீங்க பார்க்கறீங்க. உங்க கணினியில் அடோபி ரீடரோ ஃபிளாஷோ பழசா இருந்தா, அந்த ஓட்டை வழியா உள்ள வரும். வந்து என்ன பண்ணும்? நீங்க எஃப்.டி.பி. வழியா உங்க சொந்தத் தளத்துக்குக் கோப்பு ஏத்தும்போது கடவுச்சொல்லைக் காது குடுத்துக் கேட்டுக்கும். எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் மூடாம, அஞ்சலட்டையில் எழுதின மாதிரி போகும். அப்புறம் அதே கடவுச்சொல்லை வச்சு, ராஜபாட்டையா முன்வாசல் வழியா உங்க தளத்துக்குள்ள போய் எல்லாப் பக்கத்துலயும் பாடி குறிக்கு முன்னாடி ஒரு வரி ஜாவாஸ்கிரிப்டை வச்சுடும். உங்க தளத்தைப் பார்க்க வர்றவங்கள்ல இன்னொரு தளக்காரர் இருப்பார். வட்டம் சுத்த ஆரம்பிச்சுடும்.

வழங்கியை யாரும் உடைக்கலை. கதவைத் திறந்து விட்டது நம்ம சாவி.

என் சாவி எங்கே போச்சுன்னு ஓரளவு ஊகிக்க முடியுது. வீட்டுல டேட்டாஒன் இணைப்பு இருந்துச்சு. ஆனா கரண்ட் போனா? டவுன்ல ஒரு பிரௌசிங் சென்டருக்கு சைக்கிள்ல ஓடுவேன். மணிக்கு இருபது ரூபா. பென்டிரைவைச் செருகினா ஆட்டோரன் வைரஸ் இலவசம். அங்கேயே ஃபைல்ஜில்லாவை இறக்கி, கடவுச்சொல்லை அடிச்சு, "ஞாபகம் வச்சுக்கோ"ன்னு வேற சொல்லிட்டு வந்திருக்கேன்! அது கடவுச்சொல்லை எக்ஸ்.எம்.எல். கோப்பில் பச்சையா எழுதி வைக்கற காலம் அது. மாஸ்டர் கடவுச்சொல் வசதி வந்தது 2017-ல்தான்.

இப்ப என் முட்டாள்தனத்துக்கு வர்றேன். வழங்கிக்காரங்ககிட்டேர்ந்து கடுப்பா ஒரு மின்னஞ்சல், தளத்தை நிறுத்திட்டோம்னு. எனக்கு ரோஷம். உங்க வழங்கியில்தான் ஓட்டை, நான் வேற இடம் பார்த்துக்கறேன்னுட்டு, ஒரே ராத்திரியில் மொத்தத் தளத்தையும் இறக்கி இன்னொரு வழங்கியில் அப்படியே ஏத்தினேன். (அந்த ரெண்டு நிறுவனத்து மேலயும் எந்தத் தப்பும் இல்லைன்னு இப்பத் தெரியும்.) நாலாவது நாள் புது வீட்டுலயும் அதே சிவப்புப் பலகை.

வீட்டுல கரையான் வந்துச்சுன்னு வேற வீட்டுக்குக் குடி போறோம். அரிச்ச மரப்பெட்டியையே தூக்கிட்டுப் போனா புது வீட்டு உத்தரத்தையும்தானே அரிக்கும்? என் பெட்டியில கரையான் மூணு இடத்துல இருந்துச்சு. ஒண்ணு, என் கணினியில். புதுக் கடவுச்சொல் வச்சாலும் அடுத்த நிமிஷம் அது அவனுக்குப் போயிடும். ரெண்டாவது, படங்கள் ஃபோல்டருக்குள்ள இமேஜ்ங்கற பேர்ல ஒரு பி.எச்.பி. கோப்பு. படங்களுக்கு நடுவுல படம் மாதிரியே பேர் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த பின்வாசல் அது. மூணாவது, ஏப்ரல்ல எடுத்த பேக்கப். அதுக்குள்ளயே நோய் இருந்துச்சு, நான் அதைத்தான் ஏத்தினேன்.

இங்க எனக்கு ரீயூனியன் ஞாபகம் வருது. பத்தொம்பதாம் நூற்றாண்டுல காரைக்கால்லேர்ந்தும் புதுச்சேரியிலேர்ந்தும் ஒப்பந்தக் கூலியா ஜனங்களைக் கப்பல் ஏத்தினாங்க. ஏத்தறதுக்கு முன்னாடி டாக்டர் பார்வையிடணும். அது பத்தாதுன்னு ரீயூனியன்ல இறங்கினதும் லா கிராண்ட் ஷலூப்ங்கற இடத்துல 1860களில் கட்டின லாசரேத்துல ஒதுக்கி வச்சுட்டுத்தான் ஊருக்குள்ள விட்டாங்க. அங்க அந்த ஜனங்க பட்ட பாட்டை நான் நியாயப்படுத்த வரலை. ஆனா புறப்படற இடத்துல ஒரு சோதனை, சேர்ற இடத்துல ஒரு காவல்ங்கற அந்த ரெண்டு படி 2009-ல் என் மண்டையில் ஏறலை.

அதே செப்டம்பர்ல பழைய வேர்ட்பிரஸ் பதிப்புகளைத் தாக்கற புழு ஒண்ணு வந்துச்சு. ரகசியமா ஒரு நிர்வாகியைச் சேர்த்துக்கும். பயனர் பட்டியல்ல அந்தப் பேர் கண்ணுல படாம ஒரு ஜாவாஸ்கிரிப்டை வச்சு மறைச்சுக்கும். அப்புறம் பழைய பதிவுகளுக்குள்ள குப்பையை ஒளிச்சு வைக்கும். அந்த அமளியிலதான் எல்லாருக்கும் ஒரு முறை பழகிச்சு. பழைய வழங்கியிலிருந்து மென்பொருளைத் தூக்கவே கூடாது. வேர்ட்பிரஸ், தீம், பிளக்இன் எல்லாம் மூலத்திலிருந்து புதுசா இறக்கணும். பழைய வீட்டுலேர்ந்து எழுத்தும் படமும் மட்டும். படங்களுக்குள்ள நிரல் ஒண்ணும் உட்கார்ந்திருக்கக் கூடாது. தரவுதளத்துல பயனர் அட்டவணையை நேரா திறந்து பேரை எண்ணணும். இது எல்லாத்துக்கும் முன்னாடி சொந்தக் கணினியைத் துடைக்கணும், துடைச்ச கணினியிலிருந்துதான் கடவுச்சொல் மாத்தணும். மூலத்திலிருந்து இறக்கினாலே சுத்தம்னும் கண்ணை மூடிக்க முடியாது. 2007-ல் வேர்ட்பிரஸ் 2.1.1 பதிப்பையே அவங்க வழங்கியில் ஒருத்தன் புகுந்து மாத்தி வச்சுட்டான். மார்ச் 2-ல் அறிவிச்சு, அவசரமா 2.1.2 விட்டாங்க.

இதுவரைக்கும் உலகப் பொது. தமிழ்த் தளக்காரனுக்குன்னு ஒரு தனித் தலைவலி இருந்துச்சு. அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்துக் கெட்ட நிரல் தன்னை மறைச்சுக்க என்ன பண்ணும்? படிக்க முடியாத கிறுக்கலா தன்னை மாத்திக்கும். எண்ணும் எழுத்தும் விழுக்காட்டுக் குறியும் கலந்து நாலு முழ நீளத்துக்கு ஒரே வரி. வெள்ளைக்காரன் தளத்துல அது பளிச்னு தெரியும், மத்ததெல்லாம் படிக்கக்கூடிய ஆங்கிலமா இருக்கும். நம்ம தளத்தை நோட்பேட்ல திறந்து பாருங்க. திஸ்கித் தமிழும் கிறுக்கல்தான்! திஸ்கியில் 0 முதல் 127 வரை சாதாரண ஆங்கில எழுத்து, 128-க்கு மேலே 255 வரை தமிழ். தமிழ் எழுத்துரு இல்லாம திறந்தா அந்த மேல் பாதியெல்லாம் மேலே கோடும் புள்ளியும் வச்ச ஐரோப்பிய எழுத்தா தெரியும். யூனிகோடிலும் சில மென்பொருள்கள் தமிழை எண்ணாக்கி வச்சுடும். "தமிழ்"னு எழுதினா 2980, 2990, 3007, 2996, 3021னு அஞ்சு எண். பாமினி எழுத்துரு இன்னும் மோசம். ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அதுதான் பாமினியில் "தமிழ்". ஜாவாஸ்கிரிப்டுல வரி முடியற இடத்துலயும் அதே அரைப்புள்ளி.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் உதவிக்கு வந்தான். கெட்டிக்காரன், நல்ல மனசு, காசு வாங்கலை. கும்ப்ளார் ஒவ்வொரு தளத்துலயும் வேற வேற கிறுக்கலா இருக்கும்ங்கறதால ஒரே சொல்லைத் தேடி அழிக்க முடியலை. அவன் ஒரு சின்ன நிரல் எழுதினான். எந்த வரியில் விசித்திர எழுத்து இருக்கோ, அதாவது 127-க்கு மேலே இருக்கோ, அந்த வரியைத் தூக்கு. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். தலையை ஆட்டினேன்.

ஓடி முடிஞ்சுது. பார்த்தா திஸ்கிப் பக்கங்கள்ல தமிழ் மொத்தமும் போச்சு, கும்ப்ளார் அப்படியே இருக்கு! ஏன்னா கும்ப்ளாரோட கிறுக்கல் முழுசும் 127-க்குக் கீழே. கள்ளனை விட்டுட்டு வீட்டுக்காரனை வெளியே தள்ளியாச்சு. அதே விதியைத் திருப்பிப் போட்டிருந்தா, அதாவது மேல் பாதியை மட்டும் எடுத்து வச்சிருந்தா, திஸ்கித் தமிழ் அத்தனையும் சுத்தமா தனியா வந்திருக்கும். நிறுத்தக்குறி, எண் மாதிரி கீழ்ப் பாதியில் இருக்கறதுதான் உதிர்ந்திருக்கும். இது எனக்குப் புரிய பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

வேர்ட்பிரஸ் பகுதியில் வேற விபத்து. மைசீக்வெல்லில் 2018-ல் 8.0 வரும்வரை இயல்பா இருந்தது லத்தீன்-1 குறியாக்கம். பழைய வழங்கியில் ஒரு அமைப்பு, புது வழங்கியில் ஒரு அமைப்பு. தரவுதளத்தை இறக்கி ஏத்தினதுல சில பதிவுகள் ஆங்கில 'ஏ' தலையில் ஒரு கோடும், பக்கத்துல வட்டத்துக்குள்ள 'ஆர்' குறியுமா வந்துச்சு. இதைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஒரு தமிழ் எழுத்தோட மூணு பைட்டும் பத்திரமா இருக்கு, சட்டைதான் மாறியிருக்கு, திருப்பிடலாம். வெறும் கேள்விக்குறியா வந்துச்சுன்னா அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி, உள்ள ஒண்ணுமே இல்லை. எனக்கு முப்பது சொச்சம் பதிவு கேள்விக்குறியாப் போச்சு. பெரும்பாலும் மொக்கைப் பதிவுகள்தான், உலகத்துக்கு நஷ்டமில்லை.

திஸ்கிப் பக்கங்கள்ல போனதுல ஒண்ணுதான் மனசை அறுத்துக்கிட்டே இருந்துச்சு.

2006-ல் பிரான்ஸிலிருந்து ஒரு பெரியவர் எழுதினார். நெரவியில் பிறந்தவர், சொல்தா. (பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கறவங்களை எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) எழுபது வயசுக்கு மேல முரசு அஞ்சல்ல தமிழ் அடிக்கக் கத்துக்கிட்டு, ரெண்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமா அடிச்சு, திஸ்கியில் ஒரு நீளமான கடிதம். 1954 நவம்பர் 1-ல் கொடி மாறினப்போ ஊர் எப்படி இருந்துச்சு, அடுத்த வருஷம் அவர் ஊரை விட்டுக் கிளம்பினது, காரைக்கால்லேர்ந்து பேரளத்துக்கு மீட்டர்கேஜ் ரயில்ல போனது, அம்மா திருநள்ளாறு வரைக்கும் கூடவே வந்து இறங்கிக்கிட்டது. நான் அதை ஒரு தனிப் பக்கமாப் போட்டேன். மின்னஞ்சலை அழிச்சுட்டேன், அப்போ பெட்டியில இடம் கம்மி. பெரியவர் 2008-ல் போயிட்டார். 2009-ல் பக்கமும் போயிடுச்சு.

அந்தச் சமயத்துல எல்லாரும் குடுத்த அறிவுரை ஒண்ணே ஒண்ணு. நோய் பிடிச்ச பேக்கப்பைத் தூக்கி எறி, கிட்டேயே வச்சுக்காதே. நானும் கணினியில் இருந்ததை எல்லாம் அழிச்சேன். அதுக்கு முன்னாடி ஏன் ஒரு சிடியில எழுதி வச்சேன்னு இப்ப நினைச்சாலும் தெரியலை. பத்து ரூபா சிடி. கஞ்சத்தனமா இருக்கும்.

அந்தச் சிடிதான் போன மாசம் பரண்ல கிடைச்சது.

சிடிங்கறதால ஒரு பெரிய நன்மை. ஒரு தடவை எழுதினா எழுதினதுதான். ஆண்டிவைரஸ் எவ்வளவு கத்தினாலும் அதுலேர்ந்து ஒரு எழுத்தைக்கூட அழிக்க முடியாது. வன்தட்டுக்கு நகல் எடுத்தா மட்டும் அந்த நிமிஷமே பறிச்சுக்கிட்டுப் போகுது, கடிதத்தோட சேர்த்து. அதனால இணையக் கம்பியைப் பிடுங்கிட்டு, பழைய மடிக்கணினி ஒண்ணுல பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, பக்கத்தை வெறும் உரைத் தொகுப்பியில் திறந்தேன். உலாவியில் இல்லை. உலாவிதான் நிரலை ஓட்டும், உரைத் தொகுப்பி சும்மா காட்டும்.

திறந்தா, பாடி குறிக்கு முன்னாடி கும்ப்ளாரோட வரி. கீழே கிறுக்கல் மாதிரி கடிதம். ஒட்டி ஒட்டி இருந்துச்சு ரெண்டும்.

மேல வரியை அழிச்சேன். மீதியை யூனிகோடுக்கு மாத்தினேன். திஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்கும், கையால எழுதற மாதிரி. யூனிகோடில் எழுத்துக்கு அப்புறம்தான் கொம்பு. மாத்தற நிரல் அதைத் தூக்கிப் பின்னாடி வைக்கணும். அவர் வரி மாறற இடத்துல கொம்பைத் தனியா அடிச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிருந்த ஏழெட்டு இடத்துல மட்டும் தடுக்கிச்சு. அதைக் கையால சரி பண்ணினேன். "பெரளம்"னு ஒரு இடத்துல அடிச்சிருந்தார், அதை அப்படியே விட்டுட்டேன்.

இந்தத் தடவை குடி போகும்போது பழைய தளத்திலிருந்து ஒரு நிரல்கூட எடுத்துக்கலை. எழுத்து, படம், அவ்வளவுதான். 2011 ஆகஸ்டுல டிம்தம்ப்ங்கற படம் சுருக்கற சின்ன நிரல் வழியா எத்தனையோ வேர்ட்பிரஸ் தளம் போச்சு. என் பழைய தீமுக்குள்ளயும் அது இருந்திருக்கு, நான் கவனிக்கவே இல்லை. பயனர் அட்டவணையில ரெண்டு பேர் இருக்கணும், ரெண்டு பேர்தான் இருந்தாங்க. எஃப்.டி.பி. பக்கமே போகலை, எஸ்.எஃப்.டி.பி.தான். சிடியை உறையில போட்டு மறுபடி பரண்லயே வச்சாச்சு. "திறக்காதே"யை மட்டும் அடிச்சுட்டு, "லினக்ஸ்ல திற"ன்னு எழுதியிருக்கேன்.

கடிதத்தைப் பெரியவரோட மகளுக்கு அனுப்பினேன். பாரிஸுக்குப் பக்கத்துல இருக்காங்க. அப்பா இப்படி ஒண்ணு எழுதினதே அவங்களுக்குத் தெரியாது. தமிழ் பேசுவாங்க, படிக்கத் தெரியாது. "அண்ணே, நீங்களே படிச்சுப் பதிவு பண்ணி அனுப்புங்களேன்"னு கேட்டாங்க. போன்ல படிச்சு அனுப்பினேன். பதினெட்டு நிமிஷம் வந்துச்சு. ரெண்டாவது தடவைதான் சரியா அமைஞ்சுது, முதல் தடவை திருநள்ளாறு ஸ்டேஷன் வர்ற இடத்துல பக்கத்து வீட்டுல மிக்ஸி போட்டுட்டாங்க.